விரலுக்குப் பதில் சொல்லும் படங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, சனிக்கிழமைகளில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கட வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடி, கோட், அதாவது கொம்பியூட்டருக்கான கட்டளை, எழுதிப் படம் கீறுகிறார்கள், தொட்டால் அந்தப் படம் அசைந்து பதில் சொல்லும் என்று நாலு வரி சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த முறை அதிகக் கடிதம் வந்திருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதையே எழுதுகிறேன்.

31 வருஷம் கணிதம் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் இதைக் கண்டேன். சைன் வளைவைக் கரும்பலகையில் எத்தனை தடவை கீறியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதே வளைவு அலையாக அசைந்து, ஒரு பிள்ளையின் விரல் பட்ட இடத்தில் எழும்பினதைப் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கேள்வி: மகன் ஏ.எல். கணிதப் பிரிவில் படிக்கிறான். இரவில் புத்தகத்தை மூடிவிட்டுப் போனில் எதையோ எழுதுகிறான். கேட்டால், “விரலைக் கொண்டுபோனா பந்தெல்லாம் விலகி ஓடுற மாதிரிச் செய்யிறன்” என்கிறான். இதால் என்ன பிரயோசனம்? இது விளையாட்டா, படிப்பா?
– ஒரு தாய், ஆரையம்பதி

தங்கச்சி, முதலில் ஒன்று செய்யுங்க. அவன் சாப்பிட்டு முடிந்த நேரம் பக்கத்தில் போய் இருந்து, “அந்தப் பந்தை எனக்கு ஒருக்கா காட்டு மகன்” என்று கேளுங்க. பார்க்க மட்டும் வேண்டாம். உங்கட விரலை வைத்து அந்தப் பந்துகளைத் துரத்துங்க. அதற்குப் பிறகு இந்தப் பதிலை வாசித்தால் நான் சொல்ல வருவது பாதி விளங்கிவிடும்.

ஒரு பந்து விரலைக் கண்டு ஓட வேண்டும் என்றால் அதற்கு என்னென்ன தெரிய வேண்டும்? விரல் எங்கே நிற்கிறது, தான் எங்கே நிற்கிறேன், இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம். குறுக்கே உள்ள வித்தியாசம் ஒன்று, நெடுக்கே உள்ள வித்தியாசம் ஒன்று. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தூரம் வரும். அது பைதகரஸ். எந்தப் பக்கம் ஓடுவது என்பதற்கு அந்த வித்தியாசங்களைத் தூரத்தால் வகுக்க வேண்டும். அது அலகுக் காவி, நீளம் 1ஆக நின்று திசையை மட்டும் சொல்வது. தூரம் குறையக் குறைய வேகம் கூட வேண்டும். இணைந்த கணிதத்தில் அவன் மனப்பாடம் பண்ணுகிற அதே காவிதான் இது. ஒரு வித்தியாசம், இங்கே அது செக்கனுக்கு ஏறத்தாழ 60 தடவை, ஒவ்வொரு பந்துக்கும் தனித்தனியாக நடக்கிறது. சய (−), சக (+) குறியை மாற்றிப் போட்டால் பந்தெல்லாம் ஓடாமல் விரலில் வந்து ஒட்டும். பிழையை அவனே கண்ணால் காண்பான், சிவப்புப் பேனை வேண்டியதில்லை. ஆகையால் படிப்பா என்று கேட்டால், ஓம், படிப்புத்தான்.

ஆனால் நான் இதைப் படிப்பென்று மட்டும் சொல்லி உங்களைச் சமாதானம் செய்ய விரும்பவில்லை. விளையாட்டு என்பதிலேயே அதன் பெறுமதி இருக்கிறது. வீடியோ ஒன்றை நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது ஓடி முடியும். அவன் செய்த படம் அப்படி இல்லை. அது நீங்கள் வரும்வரைக்கும் சும்மா கிடக்கும். உங்கட விரல் வேகமாகப் போனால் ஒரு மாதிரி, மெதுவாகப் போனால் வேறு மாதிரி. உங்களுக்கு நடந்தது எனக்கு நடக்காது. பிள்ளைகள் இதில் மயங்குவது நிறத்துக்காக இல்லை. தங்களைக் கண்டு இன்னொன்று அசைகிறது, அந்த அசைவுக்குச் சட்டம் எழுதினவன் நான்தான் என்ற இரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது.

1999இல் கமில் உட்டர்பக், ரோமி அகிடுவ் என்ற இருவரும் செய்த ஒரு படைப்பு இருக்கிறது. பெரிய திரைக்கு முன்னால் நீங்கள் நின்றால் உங்கட உருவம் அதில் தெரியும். மேலேயிருந்து ஒரு கவிதையின் எழுத்துகள் மழையாக விழும். உங்கட தலையில், தோளில், நீட்டின கையில் வந்து நிற்கும். கையை உயர்த்தினால் எழுத்துகளும் சேர்ந்து உயரும், எடுத்தால் கீழே கொட்டும். இரண்டு பேர் துணியொன்றைப் பிடித்தால் அதில் ஒரு வரியே சேர்ந்துவிடும். முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்து எழுத்துப் பிடிப்பார்கள். செய்தவர்கள் அந்த மழையை மட்டும்தான் எழுதினார்கள். ஏந்துகிற கையை எழுதவில்லை, அதற்கு இடம் விட்டுவைத்தார்கள். உங்கட மகனும் பந்தை எழுதியிருக்கிறான். துரத்துகிற விரலுக்கு இடம் விட்டிருக்கிறான். அந்த இடத்துக்கு முதல் ஆளாக நீங்கள் போனால் அவனுக்கு அது பெரிய பரிசு.

இரவு 10 மணிக்கு மேல் போனை வாங்கி வையுங்க. அதில் உங்களோடு எனக்கு முழு உடன்பாடு. நித்திரை கெட்ட பிள்ளைக்குக் காவியும் வராது, பந்தும் வராது.

கேள்வி: நான் 40 வருஷமாகத் தூரிகை பிடித்தவன். கொம்பியூட்டர் கீறினால் அதில் கலைஞன் யார்? மெசினா, மெசினுக்குக் கட்டளை கொடுத்தவனா?
– ஓய்வு பெற்ற சித்திர ஆசிரியர், வாழைச்சேனை

சேர், உங்கட கேள்வி 1965இலேயே வந்துவிட்டது. அந்த வருஷம் ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் கியோர்க் நேஸ் என்பவர் கொம்பியூட்டரால் கீறின படங்களைக் காட்சிக்கு வைத்தார். பார்க்க வந்த ஓவியர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். கையால் கற்றவர்களுக்கு அது வரத்தான் செய்யும்.

ஆனால் அதே நேஸ் பிறகு செய்த ஒரு படத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதன் பெயருக்குத் தமிழில் “சரளைக் கல்” என்று பொருள். குறுக்கே 12, நெடுக்கே 22 என்று மொத்தம் 264 சதுரங்கள். மேல் வரிசையில் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். கீழே வர வர ஒவ்வொன்றும் ஒள்ளம் கிறுகும், ஒள்ளம் விலகும். அடியில் வரும்போது லொறியிலிருந்து கொட்டின சல்லிக் கல் மாதிரிக் கிடக்கும். எவ்வளவு கிறுக வேண்டும் என்பதைத் தாயக்கட்டை உருட்டின மாதிரி மெசின் எடுக்கிறது. ஆனால் எந்த வரிசையில் தொடங்கலாம், எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையைப் போட்டவர் மனிதர். நீங்கள் நீர்வர்ணத்தில் ஈரத்தாளில் நிறத்தைத் தொட்டு விடுகிறீர்கள். அது எந்தப் பக்கம் பரவும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. எவ்வளவு ஈரம், எங்கே தொடுவது என்பது உங்கட கை. இரண்டுக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

வெரா மோல்னார் என்ற அம்மாவையும் நீங்கள் அறிய வேண்டும். 1924இல் ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். கொம்பியூட்டர் கைக்கு வருவதற்கு முன்பே, 1959 அளவில், மனதுக்குள் ஒரு இயந்திரத்தைக் கற்பனை செய்து, அது சொல்கிறபடி என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக் கையால் கீறினார். 1968இல்தான் உண்மையான இயந்திரத்தைத் தொட்டார். 2023 டிசம்பரில், 100 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், காலமானார். ஒழுங்கான சதுரங்களுக்குள் 1 வீதம் மட்டும் ஒழுங்கு கலைத்துப் பார்ப்பது அவருக்குப் பிடித்தமான வேலை. அந்த 1 வீதத்தில்தான் படத்துக்கு மூச்சு வருகிறது.

எங்கட முற்றத்துக்கு வாங்க. புள்ளி வைத்துச் சுற்றிக் கோலம் போடுகிறவளுக்கு எல்லாப் புள்ளியையும் சுற்ற வேண்டும், கோடு தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. 1970களில் சென்னையில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற அறிஞர்கள் அந்தச் சட்டத்தையே கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று 1974இல் கட்டுரை எழுதினார்கள். சட்டம் இருப்பதால் கோலம் கலை இல்லை என்று எவரும் சொன்னதில்லை.

விறாந்தைப் பிள்ளைகள் நேஸின் சதுரங்களை இருபது முப்பது வரிக்குள் எழுதிவிட்டு, ஒரு மாற்றம் செய்தார்கள். எவ்வளவு கலைவது என்பதை விரலிடம் கொடுத்தார்கள். விரல் மேலே இருந்தால் எல்லாம் அடுக்காக நிற்கும், கீழே இழுத்தால் சரியும். ஏழு வயதுச் சின்னவன் ஒருவன் அரை மணித்தியாலம் மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தான். “என்ன செய்யிறாய்?” என்று கேட்டேன். “கொட்டிட்டுத் திரும்ப அடுக்கிறன் டீச்சர்” என்றான். மண்ணில் வீடு கட்டி உதைக்கிற அதே முகம்.

சேர், இதில் எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. தொட்ட இடமெல்லாம் பூவாணம் கொளுத்தின மாதிரிச் சிதறுகிற படங்கள். பத்துச் செக்கனில் கை ஓய்ந்துவிடும். எதைத் தொட்டாலும் ஒரே ஆரவாரம் என்றால் அது உங்கட விரலைக் கேட்கவில்லை. கூத்துக் களரியில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆடுகிறவனின் காலைப் பார்த்து மத்தளத்தை இறுக்குவார், தளர்த்துவார். அப்படிக் கேட்கத் தெரிந்த படத்தைத்தான் நான் கலை என்கிறேன். நீங்கள் ஒரு சனிக்கிழமை வந்தால் பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக் கொடுக்கலாம். அவர்களுக்கு அது நல்லாக் குறைவு.

கேள்வி: எங்கட வாப்பா கைத்தறியில் சாறன் நெய்தவர். கொம்பியூட்டருக்கும் தறிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எங்கேயோ கேட்டேன். உண்மையா?
– வாசகி, மருதமுனை

உண்மைதான் தங்கச்சி, நல்ல நெருங்கின சம்பந்தம். நெசவில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டே இரண்டு முடிவுதான். நெடுக்கே ஓடுகிற பாவு இழை மேலே வருமா, கீழே போகுமா. கொம்பியூட்டரின் 1, 0 இரண்டும் அதே மாதிரி. 1804இல் பிரான்சில் ஜக்கார் என்பவர் ஓட்டை போட்ட மட்டைகளைக் கோத்துத் தறிக்குக் கொடுத்தார். ஓட்டை இருந்தால் இழை உயரும், இல்லாவிட்டால் கிடந்த இடத்தில் கிடக்கும். பூ வேண்டுமா, இலை வேண்டுமா என்பதை மட்டை சொன்னது. அந்த மட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்ள்ஸ் பபேஜ் தன்னுடைய கணக்குப் போடும் பெரிய இயந்திரத்துக்கும் ஓட்டை மட்டையால் கட்டளை கொடுக்கத் திட்டம் போட்டார். தறி பூவும் இலையும் நெய்வது போல இந்த இயந்திரம் அட்சரகணிதக் கோலங்களை நெய்யும் என்று ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதினார். அந்த இயந்திரத்தை அவர்கள் கட்டி முடிக்கவில்லை. எண்ணம் மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வாப்பாவிடம் ஒரு பழைய சாறனை எடுத்துக் காட்டி, எத்தனை இழைக்கு ஒருக்கா நிறம் மாறுகிறது என்று கேட்டு எழுதி வையுங்க. அந்த எண்தான் உங்கட கோட். 12 இழைக்கு ஒரு சிவப்பு என்றால், இழையின் இலக்கத்தை 12ஆல் வகுத்து மிச்சம் 0 வருகிற இடத்தில் சிவப்புக் கோடு கீறச் சொல்லுங்க. பாவுக்கு ஒரு சுற்று, குறுக்கே ஓடுகிற ஊடைக்கு ஒரு சுற்று. இரண்டும் சேர்ந்தால் கட்டம் வந்துவிடும். பிறகு அந்த 12 என்ற இடத்தில் விரலின் இடத்தைப் போடுங்க. விரலை நகர்த்த நகர்த்தக் கட்டம் பெருக்கும், சிறுக்கும். வாப்பாவின் கையில் போனைக் கொடுத்து, “உங்களுக்குப் பிடிச்ச கட்டம் வந்த உடனே நிப்பாட்டுங்க” என்று சொல்லுங்க. எந்த எண்ணில் நிற்கிறார் என்பதை எனக்கு எழுதி அனுப்புங்க.

கேள்வி: இப்ப செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் கோட் வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஏன் மினக்கெட வேண்டும்?
– மாணவன், களுவாஞ்சிகுடி

பிழை கண்டுபிடிக்க எங்கட பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அலை எழும்புகிற வேகம் 0.02ஆ 0.05ஆ என்பதை அது சொல்லாது. 0.02 மாரி முடிந்த வாவி, 0.05 கச்சான் காற்றடிக்கிற வாவி. அது வாவிக்கரையில் வளர்ந்தவனின் கண்ணுக்குத் தெரியும். அந்த எண்ணைத் தேடுகிற நேரம்தான் விளையாட்டு. அதை ஏன் இன்னொன்றிடம் கொடுப்பான்?

கேள்வி: லப்டொப் இல்லை. போன் மட்டும்தான், டேட்டாவும் குறைவு. நானும் தொடங்கலாமா? எப்படி?
– அக்கரைப்பற்றிலிருந்து 19 வயதுத் தம்பி

தாராளமாகத் தொடங்கலாம் தம்பி. 2001இல் கேசி ரியாஸ், பென் பிரை என்ற இருவர், சித்திரக்காரர்களும் கோட் எழுத வேண்டும் என்பதற்காக ‘புரொசசிங்’ என்ற மொழியைத் தொடங்கினார்கள். 2013இல் லொரன் மெக்கார்த்தி அந்த எண்ணத்தை பிரவுசருக்குள் கொண்டுவந்தார். அதற்குப் பெயர் ‘பி5 ஜேஎஸ்’. இலவசம். பி5 ஜேஎஸ் எடிட்டர் என்று தேடினால் வரும். திறந்த உடனே உனக்காக ஏற்கெனவே இரண்டு துண்டு எழுதியிருக்கும். முதல் துண்டு ‘செட்அப்’. அது ஒருக்கா மட்டும் நடக்கும், 400க்கு 400 என்று தாளை விரிக்கும். மற்றது ‘ட்ரோ’. அது ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப நடக்கும்.

அந்த ட்ரோவுக்குள் ஒரே ஒரு வரி சேர். ‘சர்க்கிள்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘மவுஸ்எக்ஸ்’, ‘மவுஸ்வை’, 50. மவுஸ் என்று இருந்தாலும் போனில் அது விரலைத்தான் பார்க்கும். ஓட விட்டால் ஒரு வட்டம் உன் விரலுக்குப் பின்னால் வரும். இப்ப ட்ரோவுக்குள் இருக்கிற ‘பேக்கிரவுண்ட்’ வரியை வெட்டி செட்அப்புக்குள் ஒட்டு. ஒவ்வொரு தடவையும் தாளைத் துடைத்துக்கொண்டிருந்த வரி அது. இனி துடைக்க ஆளில்லை. விரல் போன வழியெல்லாம் வட்டம் வட்டமாகத் தடம் நிற்கும். ஈர மணலில் நண்டு போன மாதிரி. ஒரு வரி இருந்த இடத்தை மாற்றினதற்கு இவ்வளவு என்று அன்றைக்கே உனக்கு விளங்கும்.

போனில் விரலை இழுக்கும்போது பக்கம் முழுக்க மேலும் கீழும் வழுக்கும். பி5இன் 1ஆம் பதிப்பில் ‘டச்மூவ்ட்’ என்ற துண்டை எழுதி அதற்குள் ‘ரிட்டர்ன் ஃபோல்ஸ்’ போட்டால் நிற்கும். இதைத் தெரியாமல் எங்கட பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமை கஷ்டப்பட்டார்கள்.

இன்னொன்று. கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் நீ வைக்கிற பெயர்கள் தமிழில் இருக்கலாம். ‘மீன்’ என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்து அதற்கு 5 என்று மதிப்புக் கொடு, ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் பயந்து எட்ட நின்ற ஒரு பிள்ளை, வேகம், தூரம், அலை என்று தன் சொற்களைத் திரையில் கண்ட அன்றுதான் வாய் திறந்தது. எழுதுவதைத் தாளில் எழுதிப் பார், பிறகு போனில் அடி. பி5 கோப்பை ஒருக்கா இறக்கி வைத்துக்கொண்டால் அதற்குப் பிறகு டேட்டா தேவையில்லை.

கேள்வி: அன்பு டீச்சர், எனக்கு 10 வயது. நான் ஒரு மீன் செய்தேன். அது விரலைக் கண்டால் ஓடுது. எனக்குக் கீரி மீன் கூட்டம் மாதிரி எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும். எப்படி?
– களுதாவளையிலிருந்து

மனே, கரைவலை இழுக்கிற இடத்தில் நின்று நல்லாப் பார்த்திருக்கிறாய் போல. கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன் இருக்கிறான், அவன் பின்னால் எல்லாம் போகுது என்றுதானே நாங்கள் நினைப்போம்? இல்லை. 1986இல் கிரெய்க் ரெய்னோல்ட்ஸ் என்ற மாமா ஒருவர் மூன்றே சட்டத்தால் பறவைக் கூட்டத்தைக் கொம்பியூட்டரில் பறக்க விட்டார். ஒவ்வொரு மீனும் தனக்குப் பக்கத்தில் உள்ள மீன்களை மட்டும் பார்த்தால் போதும்.

முதலாவது, பக்கத்து மீனோடு முட்டாதே. கிட்ட வந்தால் ஒள்ளம் விலகு. இரண்டாவது, பக்கத்து மீன்கள் எந்தப் பக்கம் பார்க்குதோ நீயும் அந்தப் பக்கம் கிறுகு. மூன்றாவது, தனியாகப் போகாதே, அவர்களுக்கு நடுவால் வர முயற்சி செய்.

முதலில் 10 மீன் போடு. சரி வந்தால் 50. ஒரேயடியாக 500 போட்டால் ஒவ்வொரு மீனும் மற்ற எல்லா மீனையும் பார்க்க வேண்டி வரும், அது 500ஐ 500ஆல் பெருக்கின அளவு வேலை, உன் போன் களைத்துவிடும். நீ முதல் எழுதின ‘விரலைக் கண்டால் ஓடு’ என்ற சட்டத்தை அழிக்காதே, அது நாலாவதாக இருக்கட்டும். விரலை நடுவில் கொண்டுபோ. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, விரலுக்கு அங்கால் திரும்ப ஒன்று சேரும். அப்படிப் பிரிந்து சேர் என்று நீ எங்கேயும் எழுதியிருக்க மாட்டாய். அது தானாக வரும். வந்த அன்று உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டு.

கேள்வி: உங்கட விறாந்தையில் ‘பாடும் மீன்’ என்ற படத்தைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்புத் தண்ணி மட்டும் தெரிந்தது, சத்தமே வரவில்லை. என் மகள் தொட்டபோது பாடியது. என்ன காரணம்?
– வாசகர், புளியந்தீவு

இரண்டு காரணம் ஐயா, ஒன்று எங்கட பிழை. பிரவுசர் எதுவும் தானாகச் சத்தம் போட விடாது, ஆள் ஒருக்கா திரையைத் தொட்டு அனுமதி கொடுத்த பிறகுதான் ஒலி திறக்கும். அந்த வரியை நாங்கள் சரியான இடத்தில் வைக்கவில்லை. இப்ப முதலில் ‘தொடுங்க’ என்ற ஒரு சொல் வரும்.

மற்றக் காரணம் பிழை இல்லை, அதுதான் அந்தப் படம். அதைச் செய்தவள் நாவற்குடாவிலிருந்து வருகிற 13 வயதுப் பிள்ளை. பூரணை இரவில் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு, அதன் மேல் நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று அவளுடைய அப்பப்பா சொல்லியிருக்கிறார். “சத்தம் போட்டா, தோணி ஆடினா கேக்காதாம் டீச்சர்” என்றாள். அதையே சட்டமாக எழுதினாள். விரலைத் திரையில் வைத்து அசையாமல் பிடிக்க வேண்டும். மூன்று செக்கன் பொறுத்தால் ஒலி மெல்ல எழும். விரல் நகர்ந்தால் அடங்கிவிடும். நீங்கள் தேடித் தேடித் தடவியிருப்பீர்கள். உங்கட மகள் சும்மா வைத்துக்கொண்டு இருந்திருப்பா.

இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோட் ஒவ்வொரு தடவையும் விரல் இப்ப நிற்கிற இடத்தையும் சற்று முன் நின்ற இடத்தையும் ஒப்பிடும். முதலில் அவள், தூரம் 0 ஆக இருந்தால்தான் அசையவில்லை என்று அர்த்தம் என்று எழுதினாள். ஒருவருக்கும் பாடவில்லை. மனித விரல் நாடித்துடிப்போடு சேர்ந்து கொஞ்சமாவது நடுங்கும். 4 புள்ளிவரை பொறுக்கலாம் என்று மாற்றினாள். அந்த 4 எண்ணுக்காக வீட்டில் எல்லாருடைய விரலையும் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

ஒலிக்குத் தனிச் சைன் அலை ஒன்றைத்தான் எடுத்தாள். 1848இல் இங்கே வந்து வாவியில் இந்த ஓசையைக் கேட்ட பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் ஈர விரலைத் தேய்த்தால் வருகிற நாதத்துக்கு அதை ஒப்பிட்டார். அந்த நாதம் தனிச் சைன் அலைக்குக் கிட்டத்தான் இருக்கும். அதனால் தெரிவு சரி என்று நான் சொன்னேன்.

போன வாரம் அப்பப்பாவைக் கூட்டி வந்தாள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. போனைக் காதில் வைத்து, பெருவிரலைத் திரையில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி இருந்தார். பாடியது. நல்ல நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: “சத்தம் சரி மகள். ஆனா ஒண்டு தனியப் பாடாது. அங்கால ஒண்டு, இங்கால ஒண்டு, நாலஞ்சு கேக்கும். எல்லாம் ஒரே மாதிரியும் இரிக்காது.”

அவள் அன்றே உட்கார்ந்து ஒன்றை ஐந்தாக்கினாள். முதல் மீனுக்கு அதிர்வெண் 220, அடுத்ததுக்கு 223, பிறகு 227 என்று கிட்டக் கிட்ட வைத்தாள். 220உம் 223உம் சேர்ந்தால் செக்கனுக்கு மூன்று தடவை ஒலி பெருத்துச் சிறுக்கும். ஏ.எல். பௌதிகத்தில் அடிப்பு என்று படிப்பிப்பார்கள், அவள் அதைப் படிக்க இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. காதை வைத்த உடனே, “இது தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி இரிக்கு டீச்சர்” என்றாள். வாற பூரணைக்கு அப்பப்பாவைத் திரும்பக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஐயா, நீங்களும் மகளோடு வாங்க. விரலை வைத்துவிட்டுப் பொறுத்திருங்க.